கற்பூரம் விழுந்த கயிறு

பாறைக்குப் போகிற ஒவ்வொரு நாளும், ஆளைக் கயிற்றில் கட்டுவதற்கு முன்னால் நம் குழுவில் ஒரு கேள்வி கேட்கிறோம். "ஏதாவது வுழுந்துச்சா?" என்று. சுற்றி நிற்கிற எல்லோரையும் பார்த்துக் கேட்கிறோம். பதில் வருகிற வரை முடிச்சில் கை வைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிகள், தங்கச்சிகள் சிலருக்கு இது வேடிக்கையாக இருக்கிறதாம். சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி, "இது எந்த புக்ல இருக்குது பாய்?" என்றே கேட்டுவிட்டார்.

எந்தப் புத்தகத்திலும் இருக்காது. வேப்பூர் தாண்டி இருக்கிற நம் பாறையின் அடியில், ஒரு விஜயதசமி காலையில் பிறந்த கேள்வி அது. முழங்கால் மடங்க மறுத்து நான் வீட்டோடு தங்கிவிட்டேன். இனி ஆள்களைப் பாறைக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு உங்களுடையது. முடிச்சு எப்படிப் போடுவது என்று இங்கே எழுதப் போவதில்லை. அதை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். நேரில் காட்ட முடியாத ஒன்றை மட்டும், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, எழுதிவைக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விருத்தாசலத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன பலரில் ஒருவன். அங்கே என் வேலை கயிற்றில் தொங்குவது. வானத்தைத் தொடுகிற கட்டிடங்களின் வெளிக் கண்ணாடியைத் துடைக்கும் வேலை. எங்களுக்கு மேலாளாக ஒரு நேபாளத்துக்காரர் இருந்தார். உஸ்தாத் என்று கூப்பிடுவோம். காலையில் கயிற்றை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "கண்ணை மூடு" என்பார். கண்ணை மூடிக்கொண்டு முழுக் கயிற்றையும் விரல்களுக்கிடையே ஓடவிட வேண்டும். எங்கேயாவது கெட்டியாக, தட்டையாக, நெளிந்து கிடந்தால் விரல் நின்றுவிடும். கண் திறந்திருந்தால் பக்கத்தில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே கயிற்றை ஓட்டிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பி வந்த பிறகு, ஒரு சின்ன பீங்கான் கம்பெனியின் சூளைப் புகைக்கூண்டுக்குப் பெயின்ட் அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு அடித்தேன். கீழே சூளையில் வேலை பார்த்த குமரவேல் என்கிற தம்பி, சாப்பாட்டு நேரம் முழுக்க அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இறங்கியதும், "பாய், இந்தக் கயித்த வச்சி மலை ஏறலாமா?" என்றான். அங்கே தொடங்கியது நம் குழு. பிறகு சென்னையிலிருந்து பாறை ஏறுகிறவர்கள் வந்து, உச்சியில் இரும்பு வளையங்கள் பதித்து, எங்கள் இருவருக்கும் முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பாறைக்குப் பின்பக்க வழியாகப் போய்க் கயிற்றை மேலே வளையத்தில் போட்டு வருவோம். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில். மறுமுனை கீழே நிற்கிறவர் கையில். ஏறுகிறவர் வழுக்கினால் கயிறு பிடிக்கும். கயிறு பிடிக்கவில்லை என்றால் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் குமரவேல் என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு கையைப் பிசைந்தான்.

"பாய், கம்பெனில சூளைக்கு, மெஷினுக்கு எல்லாம் பூசை போடுறோம். நம்ம கயிறு, கொக்கி, ஹெல்மெட்டு இதுக்கெல்லாம் என் வூட்டுல போட்டுக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"உன் வூட்டுல நீ சாமி கும்புடுற. எனக்கு என்னா இருக்குது? பொரியும் சுண்டலும் வந்துடணும்."

"மொத பங்கே உங்க வூட்டுக்குத்தான் பாய்."

விஷயம் அது மட்டும் இல்லை. அவன் மகள் யாழினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா கூடப் பாறைக்கு வந்து வந்து, தானும் ஏற வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில், விஜயதசமி அன்று அரிசியில் எழுத்து எழுதித்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். பாறையிலும் அதே நாளில், நல்ல நேரத்தில்தான் முதல் அடி வைக்க வேண்டும் என்று குமரவேல் முடிவு செய்திருந்தான். அதைப் பார்க்கவென்றே திட்டக்குடியிலிருந்து அவனுடைய அக்கா வசந்தா வந்திருந்தார். தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

விஜயதசமி அன்று விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்தேன். வாசலில் குட்டியானை வண்டி நின்றது. குமரவேல், அவன் மனைவி செல்வி, வசந்தாம்மா, யாழினி, தெருக்காரர்கள் சிலர் என்று வண்டி நிறைந்திருந்தது. ஏதோ நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மாதிரி வசந்தாம்மா பட்டுப்புடவையில் இருந்தார்.

"பாய், எங்க பாப்பா மேல போயி தேன் எடுத்துட்டு வந்துடுமா?" என்றார்.

"தேன்கூடு இருக்கற பக்கமே நாம போறதில்லீங்க. அது பூச்சியோட வூடு."

"அப்ப எதுக்குத்தான் ஏறுறதாம்?"

"எறங்கறதுக்குத்தான் அத்தை," என்றாள் யாழினி. வண்டியே சிரித்தது.

பாறையடிக்குப் போய்த் தார்ப்பாயை விரித்து, பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். கயிறு முழுக்கச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். கற்பூர வாசனை வந்தது. பூஜையில் வைத்த சாமான் அப்படித்தான் மணக்கும் என்று எனக்கு வேறு எண்ணம் வரவில்லை. கண்ணை மூடி விரலில் ஓடவிட்டேன். ஓடவே இல்லை. காய்ந்த சந்தனம் பொட்டுப் பொட்டாகக் கெட்டிப்பட்டு, ஒவ்வோர் இடத்திலும் விரலை நிறுத்தியது. எது சந்தனம், எது கயிறு என்று விரலுக்குத் தெரியவில்லை.

பாட்டில் தண்ணீரை ஊற்றி ஒவ்வொரு பொட்டாகக் கழுவ ஆரம்பித்தேன். குமரவேல் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றான்.

"நல்ல நேரம் ஓடுது பாய்."

"ஓடட்டும். நான் நிக்கிறேன்."

"அது சந்தனம் பாய். காஞ்சா கெட்டியாத்தான் இருக்கும்."

சரிதான். நனைந்ததும் எல்லாம் கரைந்து, கயிறு பழையபடி மெத்தென்று ஆனது. ஒரே ஓர் இடம் மட்டும் ஆகவில்லை. அங்கே சந்தனம் மற்ற இடங்களை விடத் தடிமனாக அப்பியிருந்தது. தேய்த்துக் கழுவியும் அந்த இடம் விரைப்பாகவே இருந்தது. கயிற்றின் மேலுறை பளபளவென்று, உருகி உறைந்த பிளாஸ்டிக் மாதிரி இருந்தது.

குமரவேலிடம் காட்டினேன். பார்த்தான். முகம் சுருங்கியது. உருகிய கயிற்றை நம்பக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள். மகள் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். அந்த உயரத்துக்குப் போதுமான இன்னொரு கயிறு அப்போது எங்களிடம் கிடையாது.

"சாமி முன்னாடி வச்ச கயிறு பாய். அது எப்படி வுடும்?" என்றான். சண்டைக்குச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். சாமியாக இல்லாவிட்டால் வேறு ஒன்றாக வரும். கயிறு கொடுத்தவருக்குத் தருகிற மரியாதையாக வரும். தூரத்திலிருந்து வந்தவரின் ஆசையாக வரும். நான் வேறு மதத்துக்காரன். அவன் பூஜை செய்த கயிற்றை நான் வேண்டாம் என்று சொன்னால் அது எப்படிக் காதில் விழும் என்று எனக்குத் தெரியாதா? சொல்லாமல் விட்டால், கயிற்றின் முனையில் தொங்கப் போவது அந்தப் பிள்ளை. மனசுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டேன்.

"நீ கும்புட்டது வீண் போவல குமாரு. பாப்பாவ கட்டுறதுக்கு முன்னாடியே வெரல்ல மாட்டிச்சி பாரு. வேற என்னா வேணும்? இந்தக் கயித்துல இன்னிக்கு யாரும் ஏறப் போறதில்ல."

இதை அவன் மனம் ஆறுவதற்காகச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். நம்பித்தான் சொன்னேன். இறைவன் காப்பாற்றுவான் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன், அவன் கொடுத்த விரலையும் கண்ணையும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறான். என் ஈமான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

செல்வி முன்னால் வந்தாள். "இன்னிக்கு வேணாம்ங்க. கயிறே வேணாங்குது. பொண்ண கூட்டிக்கினு போயிடலாம்." தெருக்காரர்களில் ஒருவர் சகுனம் என்று முணுமுணுத்தார். யாழினி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குமரவேலுக்கு ஒரு யோசனை தோன்றியது. "பாய், அந்த எடத்த மட்டும் வெட்டி எறிஞ்சிடலாம். நீட்டுத் துண்டு மிச்சம் ஆவுது இல்ல, அது பக்கத்துல இருக்கற சின்ன பாறைக்கு எட்டும். பாப்பா அதுல ஏறட்டும்."

அது முறையான யோசனைதான். ஒரே இடத்தில் அடிபட்ட கயிற்றை அப்படி வெட்டி, மிச்சத்தைப் பயன்படுத்துவது உண்டு. நானும் கத்தியைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு ஒன்று உறுத்தியது. இந்த இடம் ஏன் உருகியது? காரணம் தெரியாமல் வெட்டினால், கெட்டது இந்த ஓர் இடம் மட்டும்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

யார் செய்தது என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷம் எல்லோரும் வாயை மூடியிருப்பார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தார்ப்பாயில் உட்கார்ந்தேன். உஸ்தாத் கதை ஒன்றைச் சொன்னேன்.

"நான் வெளிநாட்டுல இருக்கும்போது, எங்க கூட வேல பாத்த ஒரு கேரளாக்காரரு, மொட்டமாடில பீடிய தட்டும்போது நெருப்பு கயிறுமேல வுழுந்துடுச்சி. சின்ன பொட்டுதான். வேல போயிடும்னு பயந்துகினு ராத்திரி பூரா தூங்கல. காலையில போயி உஸ்தாத்கிட்ட சொல்லிட்டாரு. உஸ்தாத் என்னா பண்ணாரு தெரியுமா? திட்டல. எல்லாருக்கும் டீ வந்துச்சி. மொத கிளாஸ எடுத்து, அந்த ஆள் கையில குடுத்தாரு. 'இவன் இன்னிக்கு ஒருத்தன் உசுர காப்பாத்திட்டான், இவன்தான் மொதல்ல குடிக்கணும்'னாரு."

நான் யாரையும் பார்க்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தாம்மாவின் குரல் வந்தது. வழக்கமான அதிகாரம் அதில் இல்லை.

"தட்டுல இருந்துதான் வுழுந்துச்சி."

"என்னாக்கா?" என்றான் குமரவேல்.

"கற்பூரம்டா. தீபாராதன காட்டும்போது பேன் காத்துல எரிஞ்சிகினே கயித்து மேல வுழுந்துடுச்சி. நான்தான் கையால தட்டி வுட்டேன். நீ கண்ண மூடி கும்புட்டுகினு இருந்த. பூசைல கற்பூரம் கீழ வுழுந்துச்சின்னு வாயால சொன்னா அபசகுனம் ஆயிடாதா? விடிஞ்சா புள்ள மலை ஏறுது. சுட்ட எடம் குளுரட்டும், சாமி குத்தம் ஆவாம இருக்கட்டும்னு சந்தனத்த அப்பி வச்சேன்."

புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். வலது கை விரல் நுனிகளில் தோல் வெந்து போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்த விரலோடுதான் ராத்திரி எங்கள் வீட்டுக்குச் சுண்டலைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறார்.

"வசந்தாம்மா, அப்ப கயிறு எப்படி இருந்துச்சி? நீட்டி வச்சிருந்தீங்களா, சுத்தி வச்சிருந்தீங்களா?"

"சுத்தித்தான் பாய். கோலத்து மேல வட்டமா, அழகா வச்சிருந்தோம்."

இது எனக்குப் போதும். சுற்றி வைத்த கயிற்றில் எரிகிற கற்பூரம் விழுந்தால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பல சுற்றுகளில் சூடு படும். கயிற்றை நீட்டிவிட்டால் அவை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் போய்விடும். கயிற்றை மறுபடி அதே மாதிரி வட்டமாகச் சுற்றினேன். விரைத்த இடத்துக்கு அடுத்த சுற்றில் விரலை வைத்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை. அழுத்திப் பார்த்தால் உள்ளே தட்டையாக இருந்தது. அதற்கு அடுத்த சுற்றிலும் அப்படியே. குமரவேல் வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன அந்த நீளத் துண்டில்தான் அந்த இடங்கள் இருந்தன.

குமரவேல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடங்களைத் தடவினான். கண்ணைத் திறந்தான். கத்தியை அவனே எடுத்தான். இனி யாரும் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்தாதபடிக்கு முழுக் கயிற்றையும் சின்னச் சின்னத் துண்டாக அறுத்தான். பூஜை செய்த கயிற்றை விஜயதசமி அன்று அறுப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவன் முகத்தில் தெரிந்தது. கடைசித் துண்டு வரை நிறுத்தவில்லை.

அது அறுந்திருக்குமா, தாங்கியிருக்குமா என்று பிறகு பலர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் போகாமல் அல்லாஹ் எங்களைத் திருப்பிவிட்டான்.

பிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளர் டீயை ஊற்றி வசந்தாம்மாவிடம் நீட்டினேன். எல்லோரும் பார்க்கும்படியாகத்தான் நீட்டினேன். அவர் வாங்காமல் என்னையே பார்த்தார். பிறகு வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சக்கரையே இல்ல," என்றார்.

"பாய் தாத்தாவுக்கு சுகர் அத்தை," என்றாள் யாழினி.

மற்றவர்களுக்கும் டீயை ஊற்றினேன்.

நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. திரும்பிப் போகவும் எனக்கு மனமில்லை. பெரிய பாறைக்கு இந்தப் பக்கம், ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு குண்டுக்கல் கிடக்கிறது. உங்களுக்குத் தெரியும், இன்று புதியவர்கள் எல்லோரும் முதலில் அதில்தான் கை வைக்கிறார்கள். கீழே மணல். மணலில் கிடந்த சில்லுக்கற்களைப் பொறுக்கிப் போட்டோம். வண்டியில் உட்காரப் போட்டு வந்த மெத்தையை இழுத்து வந்து விரித்தோம். குமரவேலையும் செல்வியையும் கையைத் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டு பின்னால் நிற்கச் சொன்னேன். விழுகிற பிள்ளையைப் பிடிக்க முயல வேண்டாம், தலையும் முதுகும் கல்லில் படாமல் மெத்தைப் பக்கம் தள்ளிவிட்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். வசந்தாம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானாகவே வந்து நின்றார்.

"கயிறு இல்லாம ஏறணுமா தாத்தா?" என்றாள் யாழினி.

"இந்த ஒசரத்துக்கு நாங்க இருக்கோம். கல்லுல ஓடுற அந்த வெள்ள கோடு தெரியுதில்ல, கை அதத் தாண்டக் கூடாது. நான் போதும்னா எறங்கிடணும்."

"போதும்னு சொல்ல மாட்டீங்களே?"

"சொல்லுவேன்."

ஏறினாள். ஒரு முறை வழுக்கி மெத்தையில் உட்கார்ந்தாள். அத்தையின் கை அவள் முதுகில் இருந்தது. மறுபடி ஏறினாள். வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டு மேலே பார்த்தாள். நான் "போதும்" என்றேன். முகம் கோணிக்கொண்டது. ஆனால் இறங்கிவிட்டாள். என் கணக்கில் அன்றைக்கு அவள் கற்ற பெரிய பாடம் அப்படி இறங்கியதுதான்.

புதுக் கயிறு வர நாளாயிற்று. அதுவரை யாரையும் பெரிய பாறையில் ஏற்றவில்லை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். சிலர் முகம் கொடுக்காமல் போனார்கள். போகட்டும் என்று இருந்தோம். அடுத்த ஆயுத பூஜைக்கும் குமரவேல் கயிற்றை வீட்டுக்கு எடுத்துப் போனான். நான் தடுக்கவில்லை. கயிறு பூஜை அறையின் உள்பக்கம் மூடிய பெட்டியில் இருந்தது. கற்பூரம் வாசலில் எரிந்தது. மறுநாள் வண்டியில் ஏறியதும், நான் கேட்பதற்கு முன்னாலேயே வசந்தாம்மா வாயைத் திறந்தார்.

"பாய், இந்த வருசம் ஒண்ணும் வுழல. வுழுந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அந்த வார்த்தையைத்தான் நாங்கள் கேள்வியாக்கிக்கொண்டோம். பொருள் கீழே விழுவது இயல்பு. கயிறு ஒன்றில் உரசுவது இயல்பு. விழுந்ததைச் சொல்ல முடியாமல் ஒருவர் உங்கள் பக்கத்தில் நிற்பதுதான் பாறையில் எனக்குப் பயம். வெட்கத்தால் மறைப்பார்கள். பயத்தால் மறைப்பார்கள். வசந்தாம்மா மாதிரி அன்பால்கூட மறைப்பார்கள். நீங்கள் கேட்கிற விதத்தில்தான் அவர்கள் வாய் திறக்கும். ஆகவே சிரித்துக்கொண்டே கேளுங்கள். ஆனால் பதில் வருகிற வரை நில்லுங்கள். நேரம் போகிறது என்று யார் சொன்னாலும் நில்லுங்கள்.

போன மாதம் குமரவேல் என்னை வற்புறுத்திப் பாறைக்குக் கூட்டிப்போனான். நாற்காலி போட்டு நிழலில் உட்கார வைத்தார்கள். யாழினி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அன்றைக்குக் கீழே நின்று கயிறு பிடிக்கிற பொறுப்பு அவளுடையது. புதியவர்களை வட்டமாக நிற்க வைத்து, "ஏதாவது வுழுந்துச்சா?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் நின்ற ஒரு தம்பி மெல்லக் கையைத் தூக்கினார். மேலே வளையத்தில் மாட்டுகிற கொக்கி ஒன்று, முந்தின நாள் மாடியிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்ததாம். பார்க்க நன்றாகத்தான் இருந்ததாம். அதனால் சொல்லவில்லையாம்.

யாழினி திட்டவில்லை. மேலே போய் அந்தக் கொக்கியைக் கழற்றிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து, முதல் டம்ளர் டீயை அந்தத் தம்பியின் கையில் கொடுத்தாள்.